ஞானரத்தினம் தட்டிப் பார்த்த மரம்

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது எதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருக்கும் அறைக்கு எதிர்வீட்டுக்காரர் நேசையன் சொன்னது. போலீஸ் பென்ஷன்காரர். அவரும் கண்ணால் காணவில்லை. மதில் சுவருக்கு இந்தப்புறம் நின்று காதால் கேட்டவர். எங்கள் வீட்டில் முதல் பி.ஏ. நான். ஒன்றைத் தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே, கேட்டது எது, சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்லும்படி கேட்டேன்.

"ஏலே, முப்பது வருசம் ஸ்டேசன்ல வாக்குமூலம் வாங்கினவன் நான். என்கிட்டயே வாக்குமூலமா?" என்று கோபித்துக்கொண்டார்.

கதாநாயகர் அவருடைய பக்கத்து வீட்டு ஞானரத்தினம். வக்கீல் குமாஸ்தா. போன வருஷம், 1938-இல், மதுரைக்குப் போன இடத்தில், ஒரு பள்ளிக்கூட விழாவில் யாரோ கிட்டார் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு, வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார்.

"வருகிற கிறிஸ்துமஸ் பஜனைக்கு நான் கிட்டார் வாசிப்பேன். விலைக்கு வாங்கிய கிட்டார் இல்லை. என் கையால் செய்த கிட்டார்!"

சபையார் கைதட்டினார்கள். மனைவி ஏசம்மாள் மட்டும் தட்டவில்லை. அந்தக் கையால் ஓர் ஆணி சுவரில் நேராக இறங்கியதை அவள் பார்த்ததில்லை.

'என் கையால்' என்றால் ராஜபாளையம் இருளப்பசாமி ஆசாரியின் கையால் என்று பிறகுதான் தெரிந்தது. மரத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் ஞானரத்தினம். ஆசாரி கிட்டாரைப் பார்த்ததில்லை, வீணைகளுக்கு ஒட்டுப்போட்டிருக்கிறார். இவர் வரைந்து காட்டிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகப்பலகைக்கு லேசான மரம் வேணும்யா. பஞ்சு பேக்டரிக்கு மிஷின் வந்த சீமைப் பெட்டி கெடக்கு, அது போதும். விரல் வைக்கிற பட்டைக்குக் கருங்காலி. முதுகுக்கும் விலாவுக்கும் தோதகத்தி, அதான் ஈட்டி மரம். அம்பது வருசம் காஞ்சதா இருக்கணும். ஈரமிருந்தா பங்குனி வெயில்ல வாயைப் பொளந்துரும்."

"நல்ல மரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தட்டிப் பாக்கணும். மரம் பேசும்."

அன்று ஆரம்பித்தார் ஞானரத்தினம். வக்கீல் கட்சிக்காரரோடு பேசும்போது மேஜையைத் தட்டினார். பஸ்ஸில் முன்சீட்டைத் தட்டினார்; யாரோ இறங்க வேண்டுமாக்கும் என்று கண்டக்டர் விசில் ஊதினார். கோயிலில் பெஞ்சைத் தட்டினார். பாதிரி ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "யாரது? உள்ளே வாங்க" என்றார்.

கருங்காலிக்கு வீட்டு உலக்கை போயிற்று. மறுநாள் காலையில் ஏசம்மாள் ஒரு மூட்டை நெல்லை அவர் தலையில் ஏற்றிவிட்டாள்.

"குத்துறதுக்கு உலக்கை இல்லல்லா? மில்லுல அரைச்சிட்டு வந்திருங்க."

தோதகத்தி வீட்டுக்குள்ளேயே அகப்பட்டது. ஏசம்மாளுக்கு வ. புதுப்பட்டி தாய்வீட்டிலிருந்து கல்யாணச் சீராக வண்டியில் வந்த கட்டில். அதன் தலைமாட்டுப் பலகை ஒரு முழ அகலம், ஒரே துண்டு. இனி நேசையன் மதிலோரம் நின்று கேட்டது.

"ஏட்டி, இந்தப் பலகை பேசுது கேட்டியா?"

"என்ன பேசுது?"

"வீணா இங்க கெடக்கேன், என்னையக் கிட்டாராக்குன்னு பேசுது."

"என்கிட்ட வேற பேசுச்சே. இந்த ஆளை நம்பாத தாயின்னு."

"விளையாடாத. சபையில சொல்லிப்புட்டேன். கிட்டார் இல்லாம கிறிஸ்துமஸுக்கு எப்படிட்டி கோயிலுக்குப் போவேன்?"

"நடந்துதான்."

"தோதகத்தி வேணுமே!"

"உங்க ஊஞ்சலும் தோதகத்திதான?"

அந்த ஊஞ்சல் ஒரு பங்களா ஏலத்தில் ஞானரத்தினம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அதில் சாய்ந்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பார். வீட்டின் கூடம் முழுவதும் அந்த ஊஞ்சல்தான். பட்டாளத்திலிருந்து ஏசம்மாளின் தம்பி அனுப்பிய தையல் மிஷின், வைக்க இடமில்லாமல் ஒரு வருஷமாக அடுப்படியில் புகை குடித்துக்கொண்டிருந்தது.

"ஊஞ்சலா? அதை நான் தட்டிப் பாத்துட்டேன். ஊமை மரம்."

"நெசமாவா?"

"என் காது பொய் சொல்லாது."

"அப்பச் சரி. உங்க கண்ணைக் கட்டுதேன். ஆசாரியும் கூட இருக்கட்டும். மூணு தட்டு தட்டுதேன். எந்தத் தட்டுல மரம் பேசுதோ, அந்த மரத்தை அறுங்க. என் கட்டிலா இருந்தாலும் சரி."

ஞானரத்தினத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்பிள்ளை நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது என்று, குமாஸ்தா அல்லவா, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உடன்படிக்கை எழுதினார்: 'மேற்படி காதினால் தேர்ந்தெடுக்கப்படும் மரம் எவருடைய அனுபோகத்தில் இருந்தாலும், யாதொரு ஆட்சேபணையும் இன்றி அறுவைக்கு ஒப்படைக்கப்படும்.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை ஆசாரி வந்தார். ஏசம்மாள் கணவரைக் கிணற்றடியில் உட்காரவைத்து ஈரத்துண்டால் கண்ணைக் கட்டினாள். கொஞ்சம் பொறுத்துச் சங்கிலிச் சத்தம் கேட்டது.

"என்னட்டி சத்தம்?"

"வாளி."

டொக்.

"செத்த மரம். சவப்பெட்டிக்குத்தான் ஆகும்."

டொக்.

"இது பரவாயில்ல. ஆனா சளி பிடிச்ச குரல்."

டொக்.

ஞானரத்தினம் துள்ளி எழுந்துவிட்டார். "இதுதான்! கோயில் மணி கணக்கா இருக்கு! உன் கட்டில்தான், எனக்குத் தெரியும்!"

துண்டை அவிழ்த்தார். எதிரே அவருடைய ஊஞ்சல் பலகை, நாலு சங்கிலியோடு.

"இது ஊமை மரம்லா?"

"நேத்து வரைக்கும். இன்னைக்கு நீங்கதான் பேச வச்சிட்டீங்க. தாளை வாசிக்கட்டுமா? அனுபோகம்னு என்னமோ எழுதியிருக்கீங்களே."

மத்தியானம் ஊஞ்சல் பலகை பஸ் மேலேறி ராஜபாளையம் போயிற்று. சாயங்காலம் கூடத்தில் தையல் மிஷின் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கிட்டார் வந்தது. பஜனையில் அதன் சத்தம் நன்றாகவே இருந்ததாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானரத்தினம் படுக்க இடம் தேடுகிறார். கட்டிலில் வெட்டிய துணி விரித்துக் கிடக்கிறது.

"ஊஞ்சல் போனா என்னலே? காதுன்னா அது காது. மூணு மரத்துல நல்ல மரத்தைக் கண்ணைக் கட்டிக்கிட்டே கண்டுபிடிச்சிட்டாம்லா!" என்று நேசையன் முடித்தார். நானும் அப்படியே எழுதிவைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மற்ற இரண்டும் என்ன மரம் என்று குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே? போன மாதம் ராஜபாளையம் போய் ஆசாரியைப் பிடித்தேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு மரம் ஏது தம்பி? அன்னைக்கு வெளிய வந்தது ஊஞ்சல் ஒண்ணுதான். அந்தம்மா மூணு தரமும் அதைத்தான் தட்டுனாவ."