மெழுகுக் கழுத்துக்காரர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் பிழைகளும் இருக்கும். அச்சுக் கோர்ப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் பிழையில்லை: தென்காசி வட்டாரத்தில் மனிதரையும் மிஷினையும் ஒரே அளவு சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். அவரை மெழுகுக் கழுத்துக்காரர் என்போம்.

நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வந்து படுத்தார். வலது தோளில் எத்தனை முறை கை போனதோ, இடது தோளிலும் அத்தனை முறை போக வேண்டும். குறைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மல்லாந்து படுத்ததும் என்னையே பார்த்தார்.

“கழுத்துல என்னடே கட்டி?”

“ரெண்டு வருசமா இருக்கு, அண்ணாச்சி. வலியில்ல.”

“தென்காசி ஆஸ்பத்திரிக்கு மிஷின் கொண்டாந்திருக்கோம். நாளைக்கு வந்து சேரு.”

போனேன். கதிர் வீசும் அயோடின் என்று ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். மறுநாள் அது கழுத்தில் எங்கே சேர்ந்திருக்கிறது என்று மிஷின் புள்ளி புள்ளியாகப் படம் போடும். கட்டி மருந்தைப் பிடித்திருந்தால் மாத்திரை, பிடிக்காவிட்டால் கத்தி என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலமே மிஷின் லாரியில் மதுரைக்குப் போகிறது.

தினமும் காலையில் அவர் மிஷினுக்குக் காட்டும் முதல் நோயாளி மெழுகில் செய்த ஒரு பொம்மைக் கழுத்து. அதற்குள் அளந்து ஊற்றிய மருந்து இருக்கும். அதிலிருந்து வரும் கதிரை மிஷின் சரியாக எண்ணிக் காட்டினால்தான் மனிதக் கழுத்துக்கு வருவார்.

“உசிருள்ள கழுத்து இம்புட்டு காத்துக் கெடக்கு. அதுக்கு என்னய்யா அவசரம்?” என்றார் வரிசையில் நின்ற கீழப்பாவூர் ஆச்சி.

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆச்சி.”

நான் படத்துக்குப் போன அன்று எண்ணிக்கை சரிப்படவில்லை. மெழுகுக் கழுத்தை அப்புறப்படுத்திய பிறகும் மிஷின் எண்ணிக்கொண்டே இருந்தது. இருட்டில் மின்னும் ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரத்தோடு டாக்டரை வெளியே அனுப்பினார். நர்ஸை அனுப்பினார். சுவரில் இருந்த சாமி படத்தையும் அனுப்பினார். பயனில்லை. கடைசியில் மிஷினின் கதிர் எண்ணும் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அது படபடவென்று எண்ணித் தள்ளியது.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருலே?”

“நாந்தான், அண்ணாச்சி.”

“அங்கன என்ன பண்ணுத?”

“வரிசையில பூராவும் பொம்பளையாளு. கூச்சமா இருந்துச்சு. விடிஞ்சதுலேர்ந்து இங்கனதான் இருக்கேன்.”

“நேத்து குடிச்ச மருந்த உடம்புக்குள்ள வச்சுக்கிட்டு மிஷினுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்க. வாசலுக்குப் போலே.”

போனேன். எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று உள்ளே யாரோ சொன்னார்கள். வாசல் போதுமா என்று எனக்குச் சந்தேகம். ரோட்டைத் தாண்டினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்கே போய் உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டது அங்கே எப்படிக் கேட்கும்?

பொழுது சாயும்போது திரும்பினேன். மிஷின் லாரியில் இருந்தது.

“படம் இல்லாட்டி என்ன, நாளைக்கு அறுத்துப் பாத்துருவோம்” என்றார் டாக்டர். நான் கட்டியைக் கையால் மூடிக்கொண்டேன்.

மெழுகுக் கழுத்துக்காரர் லாரியில் ஏறினார். “எறக்குங்கலே.”

“கயிறு கட்டியாச்சு அண்ணாச்சி” என்றார் டிரைவர்.

“அவன் கழுத்த விடக் கயிறு பெருசா?”

டாக்டர் லாரிப் பக்கம் போனார். கயிற்றின் ஒரு முனையை அவரே அவிழ்த்தார்.

இறக்கியதும் என்னைப் படுக்க வைப்பார் என்று நினைத்தேன். மிஷின் குலுங்கியிருக்கிறதாம், மறுபடியும் மெழுகுக் கழுத்துக்குத்தான் முதல் இடம். நான் வாசலில் நின்றேன். டிரைவர் பீடி பற்றவைத்தார்.

பிறகு என் முறை. கட்டி இருந்த இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன.

“புடிச்சிருக்கு. கத்தி வேண்டாம்” என்றார். படத்தை டாக்டர் கையில் கொடுத்தார். லாரியில் போகும்போது எனக்குக் கையசைக்கவில்லை. இரண்டு கையாலும் மெழுகுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையில் கட்டி சுருங்கியது, முழுக்கப் போகவில்லை. சவரம் செய்கிறவர் கத்தியை அங்கே நிறுத்தி, “இதையும் எடுத்துரலாம்லா?” என்று கேட்பார்.

“இருக்கட்டும்” என்பேன். “ஒருத்தர் பாத்து விட்டு வச்சது.”

எழுதியது: ஐப்பசி மாதம், முதல் ஞாயிறு.