சொட்டு பாயும் துபாய் ஆயிலும்

மனிதனுக்கு ஜாதகம் பார்ப்பவர்கள் ஓசூரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வண்டிக்கு ஜாதகம் பார்த்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான்: மூக்கண்டப்பள்ளி மெக்கானிக் சொட்டு பாய்.

எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு சொட்டு வைப்பார். கறை பரவும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. பிறகு பலன் சொல்வார். லாரிக்காரர்களிடம் கன்னடம், கார்க்காரர்களிடம் தெலுங்கு, இன்ஜினிடம் மட்டும் தமிழ்.

ஒருமுறை எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசரின் சொட்டைப் பார்த்துவிட்டு, "ஓவர்டைம்னு வூட்ல சொல்லிட்டு பெங்களூருக்கு ஓட்டிக்கினு போறீங்களா சார்? ஆயிலு ஓவரா உழைச்சிருக்கே!" என்று கேட்டார். பக்கத்தில் நின்றது சூப்பர்வைசரின் மனைவி.

இப்படிப்பட்டவரிடம் காட்டாமல் நான் ஆயில் மாற்றினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். துபாயிலிருந்து வந்த மச்சான் இரண்டு டின் சிந்தெடிக் ஆயில் கொண்டுவந்திருந்தான். "மண்ணுல எடுத்தது இல்ல மாமா, லேப்ல செஞ்சது" என்றான். கார் என்னுடையதல்ல. பாரூரில் நெல்லும் கரும்பும் போடும் என் மாமனாருடையது. பெற்ற மகனையே அந்த ஸ்டீயரிங்கைத் தொட விடாதவர், ஒரு வாரத்துக்கு என்னை நம்பிக் கொடுத்திருந்தார். வாரம் முடியும் அன்று மத்தியானம் அவர் வந்து, சின்ன மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதை எடுத்துப் போகவேண்டும். பளபளவென்று திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன்.

காலையில் பழைய ஆயிலை இறக்கிவிட்டு ஒரு டின்னை ஊற்றினேன். கம்பியை உருவிப் பார்த்தால் வெறும் கம்பி! எனக்குத் தெரிந்த ஆயில் எல்லாம் கறுப்பு. இது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் ஒட்டியிருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கேயோ ஓட்டை என்று முடிவுகட்டி, காருக்கு அடியில் படுத்துத் தேடினேன். தரை காய்ந்து கிடந்தது. ஆவியாகிவிட்டது போலிருக்கிறது என்று அடுத்த டின்னையும் கவிழ்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்கு விஞ்ஞானத்தில் நல்ல மார்க்.

ஸ்டார்ட் செய்ததும் எழுந்த நீலப் புகையில் எதிர்வீடு காணாமல் போனது. அந்த வீட்டு அம்மாள் இருமிக்கொண்டே, "கொசு மருந்து அடிக்கிறாங்களா?" என்றாள்.

நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பாய் சொட்டு வைத்தார். தாளில் கறையே இல்லை, ஈரம் மட்டும். வெகுநேரம் பார்த்தார்.

"பாய், இன்ஜின் போச்சா? மாமனார் வந்துக்கிட்டிருக்காரு பாய். சொல்லிடுங்க, நான் இப்பவே பஸ் ஏறிடறேன்."

"எங்க போவீங்க?"

"ஜவளகிரி காட்டுக்கு."

"அங்க யானை இருக்குது. மாமனாரே தேவல" என்றவர், அந்தக் கம்பியைத் தாளில் நீளமாக ஒற்றினார். ‘இதுக்கு மேல கூடாது’ என்று கம்பியில் போட்டிருக்கும் கோட்டையும் தாண்டி நாலு விரல் உயரத்துக்கு ஈரம். "வண்டிக்கு ஆயிலு ஊத்தல சார் நீங்க. முழுக்காட்டிட்டீங்க!"

பாதியை இறக்கினார். கொஞ்ச நேரம் ஓடவிட, உள்ளே தப்பான இடத்தில் ஏறியிருந்ததைப் புகைத்துத் தள்ளிவிட்டு இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. அந்த நேரம் பார்த்து, வீட்டில் விசாரித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார் மாமனார்.

"ஏன் பாய், வண்டி இங்க நிக்குது? மாப்ள ஏதாச்சும் பண்ணிட்டாரா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "ஃபாரின் ஆயிலு ஊத்தியிருக்காருங்க. இந்த ஊர்ல எந்த வண்டிக்கும் கெடைக்காதது. மாமனாரு வண்டியாச்சே, கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு" என்றார்.

மாமனார் என் தோளில் தட்டினார். பதினோரு வருஷக் கல்யாண வாழ்வில் முதல் தட்டு.

இந்தக் கதையை அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவன் நான்தான். பாய் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.