யூக்ளீனா குழுவின் ஐந்தாவது ஆண்டு

“செடிதான் சார். பச்சையா இருக்குது, வெயில்ல தானே சமைச்சுக்குது,” என்று தாவரவியல் விரிவுரையாளர் சுகுமாரி சொன்னாள்.

“பச்சை கட்டிக்கினா செடி ஆயிடுமா மேடம்? வாலைச் சுழட்டிக்கினு ஓடுதே,” என்றான் விலங்கியல் ஜினகுமார். அன்று அவள் பச்சைப் புடவையில் இருந்தாள். அதனால்தான் அந்தப் பேச்சு இன்றும் அவளுக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

மனித அறிவின் மாபெரும் பயணங்களில் ஒன்று 1966இல் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் இப்படித்தான் தொடங்கியது. யூக்ளீனா என்ற ஒற்றைச் செல் உயிர் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று ‘இறுதியாக’ முடிவு செய்ய இவர்கள் இருவரையும் கொண்டு ஒரு குழு அமைந்தது. துறைத் தலைவர்கள் விட்டுக்கொடுக்காததால் குழுவுக்குத் தலைவர் கிடையாது.

புதன்கிழமைதோறும் தென்னேரி ஏரியிலிருந்து ஒரு புட்டித் தண்ணீர் வரும். நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வாதிடுவார்கள். இருவர் வீடும் சமணர் வீடு. குடிநீரை வடிகட்டினால், துணியில் தங்கிய உயிர்களை எடுத்த இடத்திலேயே திருப்பி விடுகிற வீடுகள். ஆகவே ஆதாரங்கள் அனைத்தும் மாலைப் பேருந்தில் உரிய மரியாதையுடன் ஏரிக்குத் திரும்பின. குழுவே நேரில் சென்று வழியனுப்பியது. மறுவாரம் ஆதாரம் எதுவும் கைவசம் இல்லாததால், ஆய்வு முதலிலிருந்து தொடங்கியது.

“எல்லாரும் ஏரியிலேருந்து மீனைப் புடிச்சுக்கினு போறாங்க. நீங்கதான் சார் கொண்ணாந்து வுட்டுக்கினு இருக்கீங்க,” என்பார் நடத்துனர் சிட்டிபாபு. கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழிப்பார்.

இவ்வாறு ஐந்து ஆண்டுகள் ‘முன்னேறினார்கள்’. ஜினகுமாரின் நிதானத்தைப் புகழாதவர் இல்லை, சுகுமாரியைத் தவிர. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று பேருந்தில் ஆரம்பித்து, கடைசியில் யூக்ளீனாவின் உட்கருவைப் பற்றி அவன் கேட்டு முடிப்பதை அவள் நாற்பது தடவையாவது பார்த்திருந்தாள்.

அந்தப் புதன்கிழமை ஏரிக்கரையில் அவள் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை வந்தவாசியிலேருந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க.”

ஜினகுமார் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆழ்ந்து சிந்தித்தான்.

“இதை அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது மேடம். சாதகம், பாதகம் ரெண்டையும் எழுதி, அடுத்த கூட்டத்துல…”

சுகுமாரி புட்டியைப் பிடுங்கி ஏரியில் கவிழ்த்தாள்.

“இதுங்களுக்கு இருக்கறதே ஒரு செல்லு. மூளை கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நேரா அங்க போயிடுது. முதுகெலும்போட பொறந்த நீங்க அஞ்சு வருஷமா பஸ்ஸுல போயி வந்துக்கினு இருக்கீங்க.” காலிப் புட்டியை அவன் கையில் திணித்தாள். “நானும் வாயை மூடிக்கினுதான் இருந்தேன். சனிக்கிழமைக்குள்ள எங்கப்பாகிட்ட வந்து என்னைப் பொண்ணு கேளுங்க.”