மாமனாரை ஏற்றிக்கொண்டு பிரேக் தொடாமல் இறங்கிய கதை

எந்தத் தொழிலில் பிழைத்தாலும் சரி, மாமனார் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

எனக்கு மெட்ரோ ரயிலில், பிரேக் பிரிவில் வேலை. ரயில் வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக்காகி மின்சாரம் தரும். அதைப் பக்கத்தில் கிளம்பும் இன்னொரு ரயில் வாங்கிக்கொள்ளும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடம் எடுப்பவனே நான்தான். (அவர்கள் கதி!)

மாமனார் நாகலூர் மலையில் காப்பி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். வீடு மேட்டின் உச்சியில். பஸ் நிற்பது கீழே. மச்சினன் புதிதாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருந்தான். அதிலும் இதே பிரேக் வித்தைதான்.

"மாமா, எம்பதுக்கு மேல சார்ஜ் ஏத்தாதீங்க. எறக்கத்துல புடிக்காதாமா" என்றான்.

"யாருகிட்ட?" என்று சிரித்துவிட்டு, நூறு வரும்வரை செருகியே வைத்தேன்.

மாமனார் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"ஏறுங்க மாமா. பிரேக்கையே தொடாம இறக்கிவிடறேன். வண்டி தானா அடங்கும்."

"ஏனுங்க மாப்பிள்ளை, நொம்பச் சரிவுங்க..."

"நான் ரயிலையே நிறுத்தறவன் மாமா!"

சரிவில் ஆக்சிலரேட்டரை விட்டேன். வண்டி அடங்கவில்லை. முப்பது, நாற்பது. வலப்பக்கம் பள்ளம், அதன் அடியைக்கூட மேகம் மறைத்திருந்தது. அப்போதுதான் என் பாடத்தின் இரண்டாம் வரி நினைவுக்கு வந்தது: வாங்கிக்கொள்ள இடமிருந்தால்தான் இந்த பிரேக் பிடிக்கும். இங்கே வாங்கிக்கொள்ள இருந்தது ஒரே பேட்டரி. அதையும் கழுத்துவரை நிரப்பிவைத்த புண்ணியவான் நான். பின்னால் பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் என் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மாதாவே! மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க, கையில பிரேக்கு ஒண்ணு இருக்குதுங்களே!"

இருந்தது! பயத்தில் மறந்தே போயிருந்தேன். இரண்டு கை பிரேக்கையும் சேர்த்து நசுக்கினேன். ஈரச் செம்மண்ணில் வண்டி வழுக்கி, காப்பிப்பழத் தோலைக் கொட்டிவைத்திருந்த குவியலுக்குள் எங்களை வீசியது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஊட்ல சொல்ல வேண்டாமுங்க" என்றது, தோலுக்குள்ளிருந்து ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேவிட்டேன்.

சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. புளித்த வாடை எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

இன்றும் அந்த வீட்டில் நான் மறுசோறு கேட்டால், எதிர் இலையிலிருந்து மாமனார் பதறுவார்:

"எம்பதோட நிறுத்திக்குங்க மாப்பிள்ளை, கீழ எறங்கோணுமுல்லங்க!"