பின்னறையின் தாங்குதிறன்

'ஓர் இடம் இத்தனை உயிரைத்தான் தாங்கும், அதுக்கு மேல போனா...' என்று என் மாமனார் ஒரு கூட்டத்தில் பேசினார். மேலே போனால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அது மறந்துவிட்டது. கோழிப்பண்ணை வைத்திருந்தவர். ஏதோ இறகு உதிர்வது பற்றியதாகத்தான் இருக்கும்.

பாதி ஞாபகமே போதும் என்று நினைத்தேன். மைத்துனன் வருகிறான். மோட்டார் மெக்கானிக். பக்கத்துத் தொழிற்சாலையில் மூன்று மாத வேலை. தங்கப்போவது பின்னறையில்.

பின்னறை என் அறை. மாமனார் கட்டிய இந்த வீட்டில் மனைவியும் மகளும் இருக்க, பதினெட்டு வருடம் வெளிநாட்டில் தனியாகக் கிடந்துவிட்டுத் திரும்பியவனுக்குக் கிடைத்த ஒரே நிலப்பரப்பு. அங்கே உட்கார்ந்துதான் பள்ளிப் பாடநூல்களைத் தமிழாக்கம் செய்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, தமிழாக்கம் செய்யும் முகத்தோடு தூங்குகிறேன்.

அப்போது கையில் இருந்தது சூழலியல் பாடம். ஆயுதத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டின் உணவுச் சங்கிலியை அம்புக்குறிகளோடு வரைந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"நம்ம வீட்டுச் சூழல். இது மூணு உயிரைத்தான் தாங்கும். நாலாவது வந்தா சமநிலை போயிடும்."

"உற்பத்தியாளர்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நீதான். சமைக்கிறியே."

"நுகர்வோர்?"

"நானும் பொண்ணும்."

"அவ பாத்திரம் கழுவுறா. நீங்க?"

"நான் உச்சியில இருக்கிற நுகர்வோர். புலி மாதிரி. புலி பாத்திரம் கழுவாது."

"ரெண்டு மணி நேரம் குறட்டை விடுமா?"

"நீ காட்டுல போய்ப் பார்த்தியா?"

"சரி, புலி. என் தம்பி யாரு?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "ஆக்கிரமிப்பு இனம். வெளியிலேர்ந்து வந்து இறங்கும். உள்ளூர் உயிர்களோட இடத்தைப் பிடிச்சுக்கும். இயற்கை எதிரி கிடையாது. அதனால மடமடன்னு பரவும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் நான் இரண்டடி பின்வாங்குவது வழக்கம். முதுகில் சுவர் இடித்தது.

"என் தம்பி அந்தப் பின்னறையிலதான் பொறந்தான். நீங்க எங்கிருந்து வந்து இறங்கினீங்க?"

"அது வேற விஷயம்."

"பதினாலு பெட்டியோட வந்தீங்க. முதல்ல பின்னறை. அப்புறம் சாப்பாட்டு மேசையில பாதி. பால்கனியில பழைய பேப்பர். போன மாசம் என் தையல் மிஷின் மேல உங்க அகராதி ஏறி உட்கார்ந்துடுச்சு. இது பரவுறது இல்லாம என்ன?"

தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்: "இயற்கை எதிரி கிடையாதுன்னு சொன்னீங்களேப்பா, அதை மட்டும் திருத்திடுங்க."

படத்தைப் பார்த்தேன். எல்லா அம்பும் என்னிடம் வந்தது. என்னிடமிருந்து ஒன்றும் கிளம்பவில்லை. வரைந்தவன் நானே.

"மூணு பேருக்குத்தான் இடம்னா, யாரு வெளியே போகணும்? நீங்களே சொல்லுங்க," என்றாள் மனைவி.

"அப்படி உடனே வெளியேத்தக் கூடாது. அரிய உயிரை வாழிடத்துக்கு வெளியே வெச்சுக் காப்பாத்தறதுன்னு ஒரு முறை இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

"அரிய உயிர்," என்று சொல்லிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "மாடிப்படிக்குக் கீழ இடம் இருக்கு. வாங்க."

போனேன். பெருக்கித் துடைத்திருந்தது. மின்விசிறி மாட்டியிருந்தது. பாய்கூட விரித்திருந்தது. படம் நான் வரைந்தது காலையில்தான். மின்விசிறி மாட்ட ஆள் வந்துபோனது முந்தின நாள்.

படுத்துப் பார்த்தேன். பின்னறையைவிடக் காற்று நன்றாகவே வந்தது.

நாலு மணிக்கு எழுந்து, பின்னறைச் சாவியை மைத்துனனுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.