நான்கு சக்கரமும் நலம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் மகள், மருமகன், வண்டியின் நான்கு சக்கரங்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஃபோனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் என் வீட்டு வண்டியில் கடற்கரைச் சாலை வழியாகப் போய், அலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நம் அடுப்பில் நாமே காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், கூட வருகிறீர்களா என்று கேட்டேன். நீங்கள், “எனக்கென்ன, வருவேன். ஆனா நடுவழியில டயர் வெடிச்சா யாரு பொறுப்பு? எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு” என்றீர்கள். உங்கள் அண்ணன் தன் டயரில் இருந்த ஓட்டையைச் சூயிங்கம் வைத்து அடைத்திருந்தார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் இங்கே குறிப்பிட விரும்பவில்லை. ஆனால் நீங்கள் வராவிட்டால் நானும் போக முடியாது. என் பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டான். “தனியா விடமாட்டேம்மா. அத்தை கூட வந்தா போங்க. இல்லன்னா மாசக் கடைசியில வண்டியக் குடுத்துடலாம். ஆள் ரெடியா இருக்கார்.” அந்த ஆளையும் பார்த்தேன். வண்டியை நடமாடும் பழச்சாறுக் கடையாக்கப் போகிறாராம். என் படுக்கையை ஒரு சாண், இரண்டு சாண் என்று அளந்துவிட்டு, “இங்க ஆரஞ்சு அடுக்கலாம்” என்றார். நான் அப்போது அந்தப் படுக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை டயர் பற்றிய கவலையே எங்களுக்குக் கிடையாது. கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டி, “ம்” என்பார். நான்கு “ம்” கேட்ட பிறகு நான் ஏறி உட்காருவேன். என்னிடம் அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன “ம்”களை விட அந்த நான்குக்கும் அர்த்தம் அதிகம். இப்போது அந்த “ம்” இல்லாததால், டயரின் காற்றழுத்தத்தை வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன். அதைத் தேர்ந்தெடுத்த கதையை நீங்கள் முழுக்கப் படித்தால்தான், எவ்வளவு பத்திரமான வண்டியில் ஏறப் போகிறீர்கள் என்பது விளங்கும்.

முதலில் என் பிள்ளை, அம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று, அவனாகவே ஒன்றை வாங்கி வந்தான். டயரில் காற்றடிக்கும் வால்வின் தலையில் குட்டி மூடி ஒன்றைத் திருகிவிட வேண்டும். உள்ளே எவ்வளவு காற்று என்பதை அந்த மூடி செல்ஃபோனுக்குச் சொல்லும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். அது என் ஃபோனுக்குச் சொன்னதையெல்லாம் என் ஃபோன் அவன் ஃபோனுக்கும், உங்கள் மகள் ஃபோனுக்கும் ஒப்பிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் காய்கறிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆபீசிலிருந்து கூப்பிடுகிறான். “அம்மா, வலது பின் சக்கரத்துல காத்து கொஞ்சம் ஏறியிருக்கே. எங்க இருக்கீங்க?” நான் சொன்னேன், “உங்கப்பாவே என்னை எங்க போறேன்னு கேட்டதில்ல. நீ சக்கரத்தை விட்டுக் கேக்கறியா?” கடைக்காரர் வெண்டைக்காயை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டார்.

அது போகட்டும். அந்தக் கருவிக்கு ஒழுங்கு என்பதே கிடையாது. வண்டிக் கதவின் உட்பக்கத் தகட்டில் நான்கு டயருக்கும் ஐம்பது என்று போட்டிருக்கிறது. டயர்க்கடைக்காரர் காலையில் என் கண் முன்னால் ஐம்பது, ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று அடித்துக்கொடுத்தார். மத்தியானம் பார்த்தால் வெயில் பக்கம் இரண்டும் ஐம்பத்து மூன்று, நிழல் பக்கம் இரண்டும் ஐம்பது. கான்வென்ட்டில் எங்கள் வரிசையில் ஒருத்தியின் சாக்ஸ் மற்றவளுடையதை விட ஒரு விரல் இறங்கியிருந்தால்கூட சிஸ்டர் பிரார்த்தனையை நிறுத்திவிடுவார். அப்படி வளர்ந்தவள் நான், ஐம்பத்து மூன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? மூடியைக் கழற்றி, ஹேர்பின்னால் வால்வை அழுத்தி, புஸ் புஸ் என்று ஐம்பதுக்கு இறக்கினேன். பிறகு நிழல் பக்கத்துக்கு மட்டும் சலுகை எதற்கு என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஐம்பத்து மூன்று ஆனது. அதையும் இறக்கினேன். இப்படி நான் ஒரு நியாயத்துக்காக வண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்க, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “என்னம்மா, வண்டியைக் காயப்போடறீங்களா?” என்று கேட்டார். ஆயுள் முழுக்கத் தீர்ப்பு சொன்னவர். கேள்வி கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

வெயில் இறங்கி டயர்கள் குளிர்ந்ததும் நான்கும் ஐம்பதுக்கு வெகு கீழே போய்விட்டன. கருவி அலறியது. என் ஃபோனில் மட்டும் என்றால் அமுக்கியிருப்பேன். அலறல் என் பிள்ளையின் ஃபோனிலும் கேட்டது. அவன் அப்போது மேலதிகாரிக்கு முன்னால் நின்று, நிறுவனம் எந்த நெருக்கடியும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தானாம். வீட்டுக்கு வந்தவன் ஃபோனை உங்கள் மகளிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். உங்கள் மகள்தான் பேசினாள். “அத்தை, வெயில் பட்டா காத்து விரியும், ஓடினாலும் விரியும். அது இயல்பு. காலையில ஆறின டயர்லதான் பார்க்கணும். சூடா இருக்கும்போது இறக்கவே கூடாது” என்றாள். “இயல்புன்னு சொல்லிச் சொல்லித்தான் உலகமே இப்படி ஆச்சு” என்றேன். சிரித்துவிட்டு அந்தக் கருவியைத் தன் காருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரப் பெண். அந்தக் கெட்டிக்காரத்தனம் உங்களிடமிருந்து வந்திருக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு நானே டயர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, அதை நான் துடைக்கும்வரை காத்திருந்து, இன்னொரு வகையைக் காட்டினார். அது டயருக்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளுமாம், திருடன் கையில் அகப்படாதாம். “பேட்டரி தீர்ந்துபோனா?” என்று கேட்டேன். “டயரைக் கழட்டணும்மா.” “நாலையுமா?” “நாலும் ஒண்ணாத்தானேம்மா வயசாகும்” என்றார். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றச் சுவரை இடிக்கிறவள் நான் இல்லை. அடுத்தபடியாக, வண்டி நீளமானது, பின் சக்கரத்தின் செய்தி முன்னால் வந்து சேர நடுவில் ஒரு பெட்டி வைத்தால் நல்லது என்றார். “என் குரலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேக்கும். அவ்வளவுதான் வண்டி” என்றேன். “அது தெரியுதும்மா” என்று ஒப்புக்கொண்டார். ரப்பர் வால்வின் மேல் மூடியின் கனம் ஏறினால் ஆடி ஆடி வெடிப்பு விடும், உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது மட்டும் நியாயமாகப் பட்டது. போட்டு, நான்கிலும் மறுபடி ஐம்பது அடித்துக்கொண்டேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது, தனக்கென்று சொந்தமாக ஒரு திரை உள்ள கருவி. நான்கு மூடி, ஒரு திரை, அவ்வளவுதான். ஃபோனோடு அதற்குப் பேச்சு வார்த்தை இல்லை. வண்டிக்குள் நடப்பது வண்டியோடு. ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கிறேன். திரையில் நம் வண்டி மாதிரியே ஒரு சின்னப் படம், நான்கு மூலையிலும் நான்கு எண்கள். எண்கள் வேறு அளவையில் இருக்கின்றன, மூன்றரை என்று. பதினான்கரையால் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. பெருக்கினேன். ஐம்பதே முக்கால். முக்கால் அதிகம்தான். என் பிள்ளைக்குப் பரீட்சையில் முக்கால் மார்க் குறைந்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நான். ஆனாலும் இந்தக் கருவியின் குணத்துக்காக அந்த முக்காலை மன்னித்தேன்.

குணம் என்றால் என்ன குணம் என்கிறீர்கள்! காலையில் மூன்றரை. மத்தியான வெயிலில் மூன்றரை. நிழல் பக்கம் மூன்றரை, வெயில் பக்கம் மூன்றரை. மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன், மூன்றரை. மழை பெய்தது, மூன்றரை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, அலறலும் இல்லை. முந்தைய கருவி ஒரு பதற்றக்காரி. இது நல்ல வீட்டில் வளர்ந்தது. என் பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்னம்மா, நாலும் ஒரே மாதிரி இருக்கு?” என்றான். “வளர்ப்பு” என்றேன். அவனும் திருப்திப்பட்டு, பழச்சாறுக்காரரிடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

ஆகவே இனி நீங்கள் சாக்குச் சொல்ல வழியில்லை. திங்கட்கிழமை காலை உங்கள் வாசலில் ஹார்ன் அடிப்பேன், ஒரு முறைதான். பெட்டி ஒன்று போதும், மூன்று வேண்டாம். கீழ்ப் படுக்கை உங்களுக்கு, முழங்காலை உத்தேசித்து. நடுவில் திரைச்சீலை உண்டு. உங்கள் குறட்டையை அது தடுக்காது என்றாலும், யார் என்று தெரியாமல் மறைக்கும்.

உங்கள் வீட்டில் என்னை விட மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு என் ஆசி. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், பயணத்துக்காக வண்டியைத் துடைக்கப் போனேன். திரையை ஈரத்துணியால் துடைத்தபோது ஓரத்தில் ஒரு தோல் மாதிரி எழுந்தது. இழுத்தேன். நான்கு மூன்றரையும் வண்டிப் படமும் சேர்ந்து என் கையோடு வந்துவிட்டன. கடையில் அழகாகத் தெரிவதற்காக எண்களை அச்சடித்துத் திரைமேல் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அது. அடியில் திரை இருட்டாக இருந்தது. அதை ஒரு நாளும் யாரும் போடவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், மூடிகளை டயரில் மாட்டுவதற்கு முன்பே அது மூன்றரை சொன்னது. சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். நான்கு டயருக்கும் நான்கு எண், ஒன்று போல ஒன்று இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் பக்கத்தில் ஒன்று ஏறியது. கை தானாக ஹேர்பின்னுக்குப் போனது. டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு எண்களைப் படித்துக் காட்டினேன். “நல்லாத்தாம்மா இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுங்க” என்றார். விட்டேன். ஹேர்பின்னைக் கொண்டையில் குத்திக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தேன். நான்குமே “ம்” என்றுதான் சொல்லின.

இதை உங்கள் மகளிடமும் என் பிள்ளையிடமும் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை தயாராக இருங்கள். வழியில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்க்க உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தத் தாளைக் கசங்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். திரும்ப ஒட்டிவிடலாம்.