அறுபத்தொன்பது ஜிபியைத் தின்ற சம்பந்தி

பீளமேட்டில், மூடிக் கிடந்த ஒரு மில்லின் பஞ்சுக் குடோனில் ஒரு மகான் அவதரித்திருந்தார். அவதரிக்கும்போதே அவருக்கு நாற்பது வயது. பெயர் ஸ்ரீலஸ்ரீ கொள்ளளவானந்த சுவாமிகள். முற்பிறவியில், அதாவது போன வருஷம் வரை, செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார் என்று சில நாத்திகர்கள் சொன்னார்கள். நாத்திகர்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்!

மற்ற சாமியார்கள் மனுஷருக்குப் பேயோட்டுவார்கள். இவர் ஹார்டு டிஸ்குக்கு ஓட்டினார். பெட்டியில் ஒரு டிபி என்று போட்டிருக்கிறது, அதாவது ஆயிரம் ஜிபி. கம்ப்யூட்டரில் செருகினால் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் காட்டுகிறது. மீதி அறுபத்தொன்பதை யார் தின்றது? விஞ்ஞானிகள் விழிக்கிற இடத்தில் சுவாமிகள் கண்ணை மூடுவார். மூடித் திறந்தால் ஆயிரமும் திரும்பி வந்திருக்கும்.

கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் என்ஜினீயர்கள், காலேஜ் பிள்ளைகள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், எல்லார் கையிலும் ஒரு டிஸ்க். சிலர் கேபிளில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, அது துளைக்குள் போய் மெஷின் படுத்துவிட்டால், சாமி குத்தம் என்று இன்னும் கொஞ்சம் குங்குமம் வைக்கிற ஆட்கள் நாம். இதற்கு நிற்காமல் வேறு எதற்கு நிற்பது?

காணிக்கை பணமாக வாங்குவதில்லை. சுவாமிகள் பணத்தைத் தொடமாட்டார். புதுப் பென் டிரைவ் ஒன்றை உண்டியலில் போட்டால் போதும். அதையே பக்கத்து ஜன்னலில் "அருளேற்றிய பென் டிரைவ்" என்று பக்தர்களுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதையே கொண்டுபோய் உண்டியலில் போட்டார்கள்.

அந்த வரிசையில் மனைவியோடு, இரண்டாம் முறையாக நின்றுகொண்டிருந்தார் வெங்கடபதி. பம்ப்செட் மோட்டார் செய்கிற பட்டறை முதலாளி. ஒரு நூல் இழை பிசகினாலும் மோட்டாரைத் திருப்பி அனுப்புகிற கறார் மனுஷன். ஆனால் பட்டறை வாசலைத் தாண்டினால் அந்தக் கறார் எல்லாம் சட்டையோடு ஆணியில் தொங்கிவிடும்.

ஆவணியில் அவருடைய ஒரே மகள் ஷ்ரவ்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிஷன், தாராபுரம். கல்யாண வீடியோ ஒரு டிபி டிஸ்கில் வந்தது. செருகிப் பார்த்தால் அறுபத்தொன்பது ஜிபி குறைகிறது. வீடியோவில் தாலி கட்டியதும் இருந்தது, பந்தியில் மாமா மூன்றாவது ஜாங்கிரி கேட்டதும் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் மனுஷருக்குத் தூக்கம் போய்விட்டது. நேராகச் சுவாமிகளிடம் ஓடினார்.

"இந்த டிஸ்க யாராச்சும் கையில வாங்கி, அடேங்கப்பான்னு சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டார் சுவாமிகள்.

வெங்கடபதி யோசித்தார். ஒருவர் சொன்னார்தான். தாராபுரத்துச் சம்பந்தி. "ஏனுங்க, அத்தன கல்யாணமும் இந்தச் சின்ன டப்பாக்குள்ளீங்களா? அடேங்கப்பா!" என்று டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே. அதை அப்படியே சொன்னார்.

"அந்தக் கண்ணுதான் தின்னுபோட்டுது" என்றார் சுவாமிகள். "அவிய ஊட்டு நெழலு கூட உங்க வாசல்ல படக்கூடாது."

பிறகு டிஸ்கை உள்ளே கொண்டுபோய், மணியடித்து, கற்பூரம் காட்டி, வெள்ளி நிறக் கம்ப்யூட்டரில் செருகினார். ஒரு டிபி! முழுசாக! வெங்கடபதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு மண்டலம் டிஸ்கைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. மறுநாளே திறந்தார். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

சம்பந்தி மறுபடியும் பார்த்துவிட்டார் என்று வெங்கடபதியே முடிவு கட்டினார். தாராபுரத்திலிருந்தே.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மகளுக்குத் தலைதீபாவளி. முறைப்படி தாராபுரம் போய், சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து வரவேண்டும். வெங்கடபதி போகவில்லை. ஃபோன் வந்தாலும் எடுக்கவில்லை.

"அப்பா எதுக்குங்கம்மா இப்பிடிப் பண்றாங்க? மாமா தெனமும் கேக்கறாங்க. எனக்கு மூஞ்சியக் காட்டவே முடியல" என்று ஷ்ரவ்யா அம்மாவிடம் ஃபோனில் அழுதாள்.

அம்மா ரங்கநாயகி ஃபோனை வைத்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள்.

"அந்தச் சாமி குடோன்ல ரெண்டு கம்ப்யூட்டருன்னு சொன்னீங்களே, எதுக்குங்க ரெண்டு?"

"முன்னாடி இருக்கறது வெளிப்பிரகாரம். உள்ள இருக்கறது கருவறை."

"எப்பவும் வெளிய கொறையும், உள்ள நெறையுமுங்களா?"

"அதான அம்மணி மகிமை!"

ரங்கநாயகி மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெங்கடபதிக்கு இது பிடிபடவே இல்லை. "நானும் வாரேனுங்க" என்றாள். பக்தி வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

குடோன் வாசலில் சின்னத்தாயி பூ விற்றுக்கொண்டிருந்தாள். குள்ளமான பெண். முழங்கையில் வைத்து வைத்து அளந்து ஐந்து முழம் மல்லிகை கொடுத்தாள். ரங்கநாயகி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூவைத் தலையில் வைக்காமல் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. வெளிப்பிரகாரத்தில் சிஷ்யன் சாய்குமார் டிஸ்கைச் செருகினான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள், கை முட்டி வரைக்கும் தொங்கும். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. கூட்டம் "அய்யோ பாவம்" என்றது. உள்ளே போனார்கள். கருவறைக் கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் வெளியே பெரிய டிவியிலும் தெரியும். அற்புதத்தை எல்லாரும் ஒட்டுக்காகப் பார்க்க வேண்டாமா?

சுவாமிகள் கண்ணை மூடினார். சாய்குமார் கற்பூரம் எடுக்கத் திரும்பினான். ரங்கநாயகி டிஸ்கை எடுத்து, தன் கையாலேயே வெள்ளிக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டாள்.

டிவியில் வந்தது: ஒரு டிபி.

"ஏனுங்க சாமி" என்றாள் ரங்கநாயகி, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில். "இன்னும் மணியே அடிக்கல. அதுக்குள்ள பேய் கெளம்பிப் போயிருச்சுங்களா?"

சுவாமிகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவள் டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து முதல் கம்ப்யூட்டரில் செருகினாள். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. உள்ளே ஓடினாள். ஒரு டிபி. வெளியே வந்தாள். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. பேய் பாவம், வாசலுக்கும் கருவறைக்கும் நடந்தே செத்திருக்கும்.

வரிசையில் நின்ற ஒரு ஐடி கார்டு தலையைச் சொறிந்தது. "அது வந்துங்க, டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமாக் கட்டி எண்ணுவாங்க. அந்த வெள்ளிக் கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். வெளிய இருக்கறது ஆயிரத்து இருவத்துநாலா கட்டி எண்ணும். கட்டு பெருசு, அதனால எண்ணிக்கை கொறையும். காலேஜ்ல மொத வருஷமே நடத்தினாங்க."

"தெரிஞ்சுமா கண்ணு எலுமிச்சம்பழத்தோட நிக்கற?" என்றாள் ரங்கநாயகி.

"அது பரீட்சைக்குப் படிச்சதுங்க. இது பக்திங்க."

"அபச்சாரம்!" என்று சுவாமிகள் வெளியே வந்தார். "கணக்கு வேற, மகிமை வேற! சந்தேகப்பட்டீங்கன்னா இருக்கற ஜிபியும் போயிரும்!"

கூட்டம் பின்வாங்கியது. பத்துப் பேர் டிஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். வெங்கடபதி மனைவியின் கையைப் பிடித்து, "வா அம்மணி, போயர்லாம்" என்று கெஞ்சினார்.

ரங்கநாயகி கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். "சரிங்க சாமி, மன்னிச்சுக்கங்க. பூவையாச்சும் வாங்கிக்கங்க. அஞ்சு மொழம்னு வாங்கினனுங்க. தம்பி, சித்த அளந்து பாரு கண்ணு."

சாய்குமார் தன் நீண்ட கையில் வைத்து அளந்தான். சரத்தின் நுனி வந்தபோது நாலு முழம்தான் ஆகியிருந்தது.

"அய்யய்யோ!" என்று ரங்கநாயகி தலையில் கை வைத்தாள். "வாசல்ல இருந்து இங்க வர்றதுக்குள்ள ஒரு மொழத்த எதோ தின்னுபோட்டுதே! பூ விக்கிற சின்னத்தாயி கண்ணா? இல்ல, எங்க தாராபுரத்துச் சம்பந்தி கண்ணா? பரிகாரம் சொல்லுங்க சாமி!"

வெளியே கடையிலிருந்து சின்னத்தாயி சண்டைக்கு வந்துவிட்டாள். சுவாமிகளுக்கோ எரிச்சல் தலைக்கேறியது.

"என்னங்கம்மா வெளையாடறீங்க? பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல! அந்தப் புள்ள கை குட்ட, இவன் கை நெட்ட. அதே பூதான், மொழந்தான் வேற! இது கூடத் தெரியாதா?"

கூட்டம் கையிலிருந்த டிஸ்கைப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்பது சுவாமிகளுக்குக் கடைசியாகத்தான் உறைத்தது.

"அதே டிஸ்க்தான், மொழந்தான் வேற. இது கூடத் தெரியாதான்னு சாமியே கேக்கறாரு, பதில் சொல்லுங்க" என்று ரங்கநாயகி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் சின்னத்தாயிதான் சிரித்தாள். அப்புறம் குடோனே சிரித்தது. சுவாமிகள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடப் பார்த்தார். காவி வேட்டி கேபிளில் சிக்கி விழ, பென் டிரைவ்கள் தரையெல்லாம் சிதறின. பக்தர்கள் பாய்ந்து பொறுக்கினார்கள். எது யாருடையது என்று எந்த மகானாலும் சொல்ல முடியாத நிலை.

வெங்கடபதி மட்டும் பொறுக்கவில்லை. சுவரோரம் போய் நின்றார். ஒன்றும் திருடாத மனுஷனை மாதக்கணக்கில் திருடனாகப் பார்த்திருக்கிறோம் என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தாராபுரத்துக்கு ஃபோன் போட்டார்.

"சம்பந்திங்களா! நல்லாருக்கீங்களா?" என்றது அந்தப் பக்கம், ஒன்றுமே நடக்காதது போல. "உங்களுக்கு ஒடம்பு சரியில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. கல்யாண வீடியோ பூராவும் நல்லா வந்திருக்குதுங்களா?"

"பூராவும் இருக்குதுங்க" என்றார் வெங்கடபதி. "ஒண்ணும் கொறையலீங்க. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் தலைதீவாளிக்கு அழைக்க வாரமுங்க."

வாசலில் ஒரு பெரியவர் ரங்கநாயகியை வழிமறித்தார். கையில் செல்போன். "ஏனுங்கம்மா, இந்தச் சாமி போலிதானுங்க, ஒத்துக்கறன். என்ர போன்ல ராவோட ராவா சார்ஜக் குடிக்குதே ஒரு பேய், அதுக்கு வேற நல்ல சாமி யாராச்சும் இருக்காங்களா?"

ரங்கநாயகி மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"டிஸ்குல எடம் கொறைஞ்சுதுன்னு இத்தன பேரு ஓடி வந்தீங்களே. கழுத்துக்கு மேல அவ்வளவு எடம் சும்மாவே கெடக்குதேன்னு ஒருத்தருக்காச்சும் கவல வந்துச்சுங்களா?"